கூட யாருமில்லை

சுவரில் இருந்த எண்ணெய்க் கறை போகவில்லை. எத்திராஜ் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் தேய்த்தான், தேங்காய் நாரால் தேய்த்தான், கடைசியில் நகத்தாலும் சுரண்டிப் பார்த்தான். தேய்க்கத் தேய்க்க, உள்ளங்கை அகலத்துக்கு இருந்த கறை முறத்தளவுக்குப் பரவியதுதான் மிச்சம். மஞ்சள் சுண்ணாம்பு மாவு மாவாகத் தரையில் உதிர்ந்தது, எண்ணெய் மட்டும் உள்ளே இறங்கிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மணி பத்தாகப் போகிறது. பத்துக்கு மேல் வருகிறேன் என்று ஹெப்சிபா நேற்றே போனில் சொல்லிவிட்டாள். ‘தாழ்வாரம்’ என்கிற டிரஸ்டில் இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். தெருவில் கிடக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, ரத்தம் சோதித்து, சொத்தைப் பல்லைப் பிடுங்கி, ஆதார் அட்டை வாங்கிக் கொடுத்து, ஒரு வேலையில் சேர்த்து, ஊருக்கு வெளியே வாரியக் குடியிருப்பில் ஒரு அறையின் சாவியையும் கையில் வைக்கிற டிரஸ்ட். வைத்த பிறகு மாசத்துக்கு ஒரு தரம் வந்து பார்ப்பார்கள். ஆளைப் பார்க்க வருகிறார்களா, அறையைப் பார்க்க வருகிறார்களா என்று எத்திராஜுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐந்து தரம் வந்தாயிற்று. இது ஆறாவது. ஐந்து தரமும் தப்பித்தோம், இதிலும் தப்பித்துவிட்டால் இன்னும் ஒரு மாசம் மூச்சு விடலாம். ஒரு அறைக்கு ஒரு ஆள், அதுதான் அவர்கள் சட்டம். சாவி வாங்கிய அன்று காகிதத்தை ஒரு பையன் படபடவென்று வாசித்தான். எத்திராஜ் சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்து மூன்று வயதில் முதல் சாவி. வாசித்ததில் அவன் காதில் விழுந்தது இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் ஃபேன் சத்தத்தோடு போய்விட்டது. அந்த ஒரு வரியை ஐந்து மாசமாக அவன் மீறிக்கொண்டிருக்கிறான். சுவரில் இருப்பது மீறினவனுடைய கறைகூட இல்லை, மீறவைத்தவனுடைய கறை. கூடத் தங்கியிருக்கிற தேசிங்கின் மண்டை எண்ணெய். கட்டில் காலியாக இருந்தாலும் வாசற்படி ஓரமாகத்தான் அவன் உட்காருவான், அங்கேதான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருமுவான், அங்கேயே சரிந்து தூங்குவான். பிளாட்பாரத்தில் இருபது வருஷம் தூங்கினவன், சுவர் இருந்தால் போதும், நடு அறை எதற்கு. தலைக்கு எண்ணெய் வைக்காதேடா என்று எத்திராஜ் எத்தனை முறை சொல்லியிருப்பான்! எண்ணெய் வைத்தால் சூடு தணியுமாம். தணிந்ததே பார்.

துணியை வீசிவிட்டு அறையை ஒரு சுற்று பார்த்தான். இரண்டாவது தம்ளர் அரிசி டின்னுக்குள் போய்விட்டது. தேசிங்கின் மூட்டை, அதாவது ஒரு போர்வை, ஒரு சட்டை, ஒரு பழைய டார்ச் லைட், எல்லாம் குளியலறை பக்கெட்டில், மேலே ஊறவைத்த மாதிரி ஈரத் துண்டு. பீடிக்கட்டை அவனிடமே கொடுத்தனுப்பியாயிற்று. மீதி இருந்தது சளி துப்புகிற டின். பழைய பெயின்ட் டின், பாதி மணல். அதை எங்கே வைப்பது என்று கால் மணி நேரம் தூக்கிக்கொண்டு அலைந்தான். தொட்டித் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் வைத்தான், அங்கே ஹெப்சிபா குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பாள். கட்டிலுக்கு அடியில் வைத்தான், அங்கே குனிந்து பார்ப்பாள், மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கேட்பாள். கடைசியில் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுக்காரியின் துளசித் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தான். மணலில் இன்று காலை விழுந்தது சிவப்பாக இருந்தது. அதைப் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெற்றிலை போட்டிருப்பான். வெற்றிலை எங்கே போட்டான், வெற்றிலை வாங்கிக் கொடுத்தது யார், இன்றைக்கு முன்னால் அவன் படி இறங்கியே பத்து நாளாயிற்றே. சரி, சிவப்புதான். சிவப்பாக இருந்தால் என்ன, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு இவள் வந்து போகட்டும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டான். விடுமுறை நாள்தான், ஆனாலும் அட்டை தொங்கினால் ஹெப்சிபாவுக்குப் பிடிக்கும். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வளாகத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அட்டையில் இருக்கிற எத்திராஜ் ஷேவ் செய்து, காலர் பட்டன் போட்டு, யாரிடமும் எதையும் மறைக்காதவன் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

தாழ்வாரக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால் ரோடு தெரியும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் தெரியும். மூன்று மாடி. தேசிங்கு அங்கே உட்கார்ந்திருந்தான். சிமென்ட் பெஞ்சின் ஓரத்தில், முழங்காலில் கை வைத்து, தலை குனிந்து. ஒவ்வொரு மாசமும் ஹெப்சிபா வருகிற அன்று அவனுக்கு அங்கேதான் உத்தியோகம். முன்பெல்லாம் தானே இறங்கிப் போவான், டீ குடிப்பான், நாலு பஸ்ஸின் போர்டைப் படிப்பான், அவள் போனதும் ஏறி வந்து, "இன்னா, பாஸா பெயிலா?" என்பான். இன்று காலை ஒன்பதுக்கு அவனை இறக்கியது எத்திராஜ்தான். லிப்ட் கெட்டு மாசக்கணக்காகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். அக்குளுக்கு அடியில் கை கொடுத்தபோது ஆள் எடையே இல்லை, சுடுகிற எலும்பு. இத்தனைக்கும் நெட்டை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் எத்திராஜ் பாடம் நடத்தினான். யோசித்தால் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது, அந்த நேரத்தில் நடத்துகிற பாடமா அது.

"ஆராச்சும் இன்னா ஏதுன்னு கேட்டா, என்னியத் தெரியும்னு சொல்லிடாத."

தேசிங்கு சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கிய பிறகு மறுபடி சிரித்தான். "எனக்கே சொல்லித் தர்றியா நீ? கூட ஆரும் இல்ல. போதுமா?"

"அப்புறம், மேல பாக்காத. போன தபா அங்க குந்திக்கினு மாடியையே பாத்துக்கினு இருந்த. அந்தப் பொண்ணு கண்டுக்கினா என் பொயப்பு போச்சு."

"பாக்கல. சத்தியமா பாக்கல. போ."

சத்தியம் வேறு. எத்திராஜ் எட்டிப் பார்க்கிறான், தேசிங்கு பார்க்கவில்லை. மூன்றாவது முறை எட்டிப் பார்க்கிறான், அப்போதும் பார்க்கவில்லை. சொன்னால் சொன்னபடி இருக்கிற ஜென்மம். ஒரே ஒரு தரம் நிமிர்ந்தால்தான் என்ன, இன்னும் அவள் வரவில்லையே.

கூட யாரும் இல்லை. பாரிமுனையில் பேப்பர் கிடங்கின் இரும்புக் கதவுக்கு வெளியே இருவரும் படுத்த காலத்தில் அதுதான் அவர்களுக்கு ஆத்திச்சூடி. அந்தப் பிளாட்பாரம் முழுவதற்குமே அதுதான். ஆள் பிடிக்கிற வண்டி வரும். வெளிநாட்டுக்காரன் யாராவது ஊருக்கு வந்தால் வரும், பேப்பரில் போட்டோ வந்தால் வரும், ஒன்றும் இல்லாமலும் வரும். பிடித்ததும் முதல் கேள்வி, பேர் என்ன என்பது இல்லை, கூட யார் என்பதுதான். கூட இருக்கிறவனைச் சொன்னால் அவனையும் ஏற்றுவார்கள், இருவருடைய மூட்டையும் ரோட்டில் போகும், இருவருடைய இடத்திலும் வேறொருவன் படுத்துவிடுவான். சொல்லாவிட்டால் ஒருவன் வெளியே இருப்பான், மூட்டைக்கு ஆள் இருக்கும், திரும்பி வந்தால் இடம் இருக்கும். அதனால் அடித்தாலும் சொல்வது கிடையாது. கட்டின பெண்டாட்டி எதிரில் நின்றாலும் கூட யாரும் இல்லை. பெற்ற பிள்ளை தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் கூட யாரும் இல்லை. ஒரு தரம் எத்திராஜைப் பிடித்தார்கள். தேசிங்கு மீன்பாடி வண்டிக்கு அடியில் கிடந்தான், கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன, எத்திராஜ் சொல்லவில்லை. இன்னொரு தரம் தேசிங்கைப் பிடித்தார்கள். எங்கோ ஒரு விடுதியில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். மொட்டை அடித்து, கால் கட்டை விரலில் நகம் பெயர்ந்து, நடந்தே வந்து சேர்ந்தான். வந்ததும் முதலில் தன் மூட்டையைத்தான் பார்த்தான், இருக்கிறது. அப்புறம் எத்திராஜைப் பார்த்து, "நாப்பது நாளும் கேட்டானுங்க. கூட ஆருமில்ல, கூட ஆருமில்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கே நீ இருக்கியா இல்லியான்னு சந்தேகம் வந்துடுச்சுடா," என்று விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு இருவரும் ஒரே பொட்டலம் பிரியாணியைப் பிரித்துத் தின்றார்கள். லெக்பீஸை யார் தின்றது என்று யோசித்தான் எத்திராஜ். தேசிங்குதான் அவனுக்குத் தள்ளிவிட்டான். எதையும் தள்ளிவிடுகிற கை அது. அதனால்தான் அதில் எதுவும் நிற்கவில்லை.

எல்லாம் சரி. ஆனால் டிரஸ்ட்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்த அன்று நடந்தது என்ன? அங்கே வந்ததும் எத்திராஜின் யோசனை எப்போதும் ஆணியில் வேட்டி மாட்டின மாதிரி நின்றுவிடும். இழுத்தாலும் வராது, விட்டாலும் போகாது. அன்று மூட்டைக்கு ஆள் வேண்டும், அதனால் தேசிங்கு கிடங்கு வாசலிலேயே இருந்தான். நீ போய் என் பேரையும் சேர்த்து எழுதிவிட்டு வா என்றான். எத்திராஜ் வரிசையில் நின்றான். முன்னால் இரண்டு பேர், அண்ணன் தம்பி. மேஜைக்குப் பின்னால் ஹெப்சிபா, அப்போது அவள் பெயர் தெரியாது, கண்ணாடி போட்ட பெண். அண்ணன் தம்பியிடம் அவள் சொன்னது எத்திராஜின் காதில் தெளிவாக விழுந்தது. இப்போது தனி ஆளுக்கான அறைகள்தான் காலி, ரெண்டு பேராக இருந்தால் கொஞ்ச மாசம் காத்திருக்கணும். அப்புறம் எத்திராஜின் முறை. கூட யாராவது இருக்காங்களாண்ணா? கூட ஆருமில்ல மேடம். அவ்வளவுதான். யோசிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, பழக்கதோஷம், அதிகாரி மாதிரி ஒருத்தர் பேனாவோடு கேட்டால் நாக்கு தானாகப் பிரளும், அதற்கு எத்திராஜ் என்ன செய்வான். இருபது வருஷப் பழக்கம். தேசிங்கு போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா? சொல்லியிருப்பான். ஆனால் அண்ணன் தம்பிக்கு அவள் சொன்னதைக் காதில் வாங்கினாயே, அது? வாங்கினேன். வாங்கினது முன்னாலா, சொன்னது முன்னாலா? வாங்கினதுதான் முன்னால். அப்படியென்றால் நாக்கு சொன்னதா, நீ சொன்னாயா? இங்கே வந்து ஆணி பிடித்துக்கொள்ளும். பழக்கம் என்றால் பேர் எழுதிய பிறகாவது திருத்தியிருக்கலாம், பேனா மேஜைமேல்தான் இருந்தது, அவள் நல்ல பெண், அடித்து எழுதியிருப்பாள். திருத்தவில்லை. திரும்பி வந்து தேசிங்கிடம், "உன் பேரையும் குடுத்துக்கீறேன், வரிசையா கூப்டுவாங்களாம்," என்று சொன்னானே, அதுவும் பழக்கமா? தேசிங்கு அன்றைக்குத் தன் மூட்டையிலிருந்து நல்ல சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டான், கூப்பிட்டால் போட்டுக்கொண்டு போகலாம் என்று. அந்தச் சட்டைதான் இப்போது குளியலறை பக்கெட்டில் நனைகிறது. அவனைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட அவன் எங்கேயும் இல்லையே.

சரி, ஏமாற்றியதற்குப் பரிகாரமாகத்தானே கூட்டிக்கொண்டு வந்தேன். சாவி வாங்கி ஒரு மாசம் கூடத் தனியாகப் படுக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், வாடா என்று இழுத்துக்கொண்டு வந்தேன். கூரை கொடுத்தேன், சோறு கொடுத்தேன். இதையெல்லாம் எத்திராஜ் யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை, அறையில் யாரும் இல்லை, சொல்லிக்கொண்டே கட்டில் விரிப்பை நான்காவது தடவையாக இழுத்துவிட்டான். கூரை கொடுத்தாய், மாத்திரையைப் பிடுங்கினாய். தேசிங்குக்கு டி.பி. என்று பாரிமுனை கிளினிக்கில் கண்டுபிடித்து, நர்ஸம்மா தினமும் காலையில் பிளாட்பாரத்துக்கே வந்து, உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, முழுங்கு என்று நின்று பார்த்துவிட்டுப் போவாள். வாயைத் திறந்து காட்டச் சொல்வாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. நாலு மாசம் ஒரு நாள் தவறவில்லை. ஆள் தேறிக்கொண்டுதான் வந்தான். இங்கே வந்த பிறகு, கொஞ்ச நாள் இரண்டு பஸ் மாறிப் போய் முழுங்கிவிட்டு வந்தான். அப்புறம் கால் வரவில்லை. பக்கத்திலேயே சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே மாற்றிக்கொள்கிறேன் என்றான் தேசிங்கு. மாற்றினால் அட்ரஸ் கேட்பார்கள். எந்த அட்ரஸ்? இந்த அட்ரஸ். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். வேணாம்டா, கொஞ்ச நாள் பொறு, இந்தப் பொண்ணு வந்து போறது நிக்கட்டும் என்று சொன்னவன் எத்திராஜ். தேசிங்கு சரி என்றான். அவன் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் கிடந்த வரைக்கும் மருந்து இருந்தது, வீடு கிடைத்ததும் போய்விட்டது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எத்திராஜ் அடையாள அட்டையை நேராக்கினான். ஹெப்சிபா மூச்சு வாங்க உள்ளே வந்தாள், தோளில் பை, கையில் கோப்பு, நெற்றியெல்லாம் வியர்வை. வழக்கமாக வந்ததும் எப்படியிருக்கீங்கண்ணா என்பாள். இன்று வாசலிலேயே நின்று போனில் யாரிடமோ, "ஆமா, எதிர்ல பஸ் ஸ்டாப்லதான், வண்டி எவ்ளோ நேரத்துல வரும்? பத்து நிமிஷமா? சரி," என்று பேசி முடித்துவிட்டுத்தான் வந்தாள். வண்டி என்றாளே, எந்த வண்டி?

"எத்திராஜண்ணா, கீழ பஸ் ஸ்டாப்ல ஒரு அய்யா உக்காந்திருக்காரு. உங்க வயசுதான் இருக்கும். வாயெல்லாம் ரத்தம், சட்டையிலயும் ரத்தம். பேர் கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. எந்த ஊரு, எங்க தங்கியிருக்கீங்க, ஒண்ணுக்கும் பதில் இல்ல. கூட யாராவது இருக்காங்களான்னு கேட்டதுக்கு மட்டும் வாயைத் திறந்தாரு. கூட யாரும் இல்லன்னாரு. நீங்க பாத்திருக்கீங்களா அவரை?"

"தெர்யாது மேடம்," என்றான் எத்திராஜ். எவ்வளவு சுலபமாக வந்தது! எச்சில் விழுங்குவதைவிடச் சுலபம்.

"இந்தப் பக்கம் அடிக்கடி வர்றவரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முன்னாடி டி.பி. மாத்திரை சாப்பிட்டு நடுவுல விட்டிருந்தாருன்னா ஆஸ்பத்திரில அதுக்குத் தகுந்த மாதிரி டெஸ்ட் எடுத்து வேற மருந்து குடுப்பாங்க. எதுவும் தெரியாம போனா சும்மா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க, அது கேக்காம போனாலும் போகும். அவரைப் பத்திச் சொல்ல ஒரு ஆள் இருந்தா போதும்ணா. ஒரே ஒரு ஆள்."

நாலு மாசம். தவறாமல் நாலு மாசம், அப்புறம் பதினெட்டு நாள் விட்டு விட்டு, அப்புறம் இல்லை. சிவப்பு மாத்திரை ஒன்று, வெள்ளை மூன்று. சிவப்பைப் போட்டால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பான். பேர் தேசிங்கு, செஞ்சிக்குப் பக்கம் ஊர், அப்பன் பேர் சின்னத்தம்பி, வலது கால் கட்டை விரலில் நகம் கிடையாது. எல்லாம் எத்திராஜின் தொண்டைக் குழி வரைக்கும் வந்து வரிசையாக நின்றது. இவள் நல்லவளா, கெட்டவளா? நல்லவள்தான். ஆனால் கையில் பேனா இருக்கிறது. இந்தப் பேனா போட்டுக் கொடுத்த அறை, இந்தப் பேனாவே அடித்துவிடலாம். அடித்துவிட்டால் எங்கே போவது? கிடங்கு வாசலில் இந்நேரம் வேறு யாரோ படுத்திருப்பார்கள். அட்ரஸ் போனால் வேலை போகும், செடிகளுக்கு வேறொருவன் தண்ணீர் விடுவான். பார்க்கலாம், ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டுபோகிறார்கள், கிடைக்க வேண்டிய இடத்துக்குத்தானே போகிறான், நாளைக்கு வேலை முடிந்ததும் நேராகப் போய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடலாம். நாளைக்கு. தான் போக மாட்டான் என்பதும் அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்தது.

"பாத்ததில்ல மேடம்," என்றான்.

ஹெப்சிபா குழாயைத் திறந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் வாசற்படி ஓரத்துச் சுவரில் போய் நின்றது. ஈரம் காயாத பெரிய மஞ்சள் திட்டு, நடுவில் எண்ணெய். "இங்க யாருண்ணா உக்காருவாங்க?" என்றாள். நான்தான் மேடம், காத்தாட இங்கதான் குந்துவேன் என்று சொல்லி, சொன்னதோடு நிற்காமல், கேட்காமலேயே போய் அங்கே உட்கார்ந்தும் காட்டினான் எத்திராஜ். சுவரில் தலையைச் சாய்த்தான். சாய்த்ததும் தெரிந்தது, கறை அவன் உச்சிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. எத்திராஜ் குள்ளம். தேசிங்கின் இடம் அவனுக்கு எட்டவில்லை. எழுந்திருக்கவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஹெப்சிபா கறையைப் பார்த்தாள், அவன் தலையைப் பார்த்தாள், மறுபடி கறையைப் பார்த்தாள். அப்புறம் அவளும் தரையில் அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோப்பைத் திறந்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணா. இதான் கடைசி."

"கடைசின்னா?"

"ஆறு மாசம் ஆயிடுச்சுல்ல. உங்க அறையை உங்க பேருக்கே மாத்தியாச்சு. இனிமே நான் வந்து பாக்க மாட்டேன், எந்தக் கண்டிஷனும் கிடையாது. ஒரு ஆளுக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது இந்த ஆறு மாசத்துக்கு மட்டும்தான். அன்னைக்கே படிச்சுக் காட்டினோமே? இனிமே சொந்தம், சிநேகிதம், யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம். உங்க வீடு."

பேனாவைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. இதுவும் சேர்த்துத்தான் அன்றைக்கு வாசித்தார்களா? ஃபேன் சத்தத்தில் போனது இதுதானா? இப்போது சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அவளே சொல்லிவிட்டாள், ஒன்றும் ஆகாது. ஆனால் பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லையே. தொட்ட பிறகு சொல்லலாம். எத்திராஜ் கையெழுத்துப் போட்டான். போட்டு முடிக்கிறவரைக்கும் சொல்லவில்லை. போட்டு முடித்ததும், ஐந்து மாசப் பொய்யையும், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன பொய்யையும், மேம்பாலத்துப் பொய்யையும் எந்த நுனியிலிருந்து பிரிப்பது என்று தெரியவில்லை. கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

ஹெப்சிபா எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி, மெதுவாக, "அண்ணா, நான் திட்ட மாட்டேன். கடைசியா ஒரு தடவை கேக்கறேன்," என்றாள்.

அவளுக்குத் தெரியும். கறையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, ஒருவேளை பஸ் ஸ்டாப்பிலேயே தெரிந்துவிட்டது, ஒருவேளை ஐந்து மாசமாகத் தெரியும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நுழைந்தால் போதும். எத்திராஜ் வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து வந்தது, "கூட ஆரும் இல்ல மேடம்."

கூட யார் என்று அவள் கேட்கவே இல்லை. பிறகு அவள் சரிண்ணா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எத்திராஜ் தாழ்வாரத்துக்கு வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். கை துளசித் தொட்டியில் இடித்தது, பின்னால் இருந்த டின் உருண்டு மணல் கொட்டியது. கீழே பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் கூடியிருந்தார்கள். தேசிங்கை இருவர் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். ஹெப்சிபா ரோட்டைக் கடந்து ஓடிப் போய் அவன் காதருகே குனிந்து என்னவோ கேட்டாள். தேசிங்கு தலையை ஆட்டினான், இல்லை என்று. என்ன கேட்டிருப்பாள் என்று எத்திராஜுக்குத் தெரியும். அவள் கோப்பில் ஒரு வரி எழுதினாள், அதில் என்ன எழுதினாள் என்பதும் தெரியும். இறங்கி ஓடினால் மூன்று மாடி, ஒரு நிமிஷம். கத்தினால் அதுகூட இல்லை. இதோ, ஒரு முடிவுக்கு வந்துவிட்டான், இனிமேல் மாற்றுவதற்கில்லை. அவன் ஒரு தரம், ஒரே ஒரு தரம் நிமிர்ந்து மேலே பார்க்கட்டும், உடனே கத்திவிடுகிறேன், தேசிங்கு, டேய், தோ வந்துட்டேன்டா என்று ஊரே கேட்கக் கத்திவிடுகிறேன். பார்டா. போன தபா பார்த்துக்கொண்டே இருந்தாயே, இப்போது பார். தேசிங்கு வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றான். தலை லேசாக அசைந்தது. எத்திராஜ் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். தேசிங்கு குனிந்து, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு, வண்டிக்குள் ஏறினான். கதவைச் சாத்துகிறவரைக்கும், சாத்தின பிறகு பின்பக்கத்துக் கண்ணாடி வழியாகத் தெரிந்தவரைக்கும், அவன் மேலே பார்க்கவே இல்லை.